குடைக்கட்சி உறைமோர்

நாற்பது லிட்டர் பால் திரிந்துபோயிற்று.

அண்டாவில் மேலே மஞ்சள் தண்ணீர், அடியில் வெள்ளைக் கட்டி. மறுநாள் பத்து மணிக்குக் குடைக்கட்சியின் நீர்மோர்ப் பந்தல் திறப்பு. பந்தலுக்குப் பொறுப்பு ஆவுடையப்பர். தயிராகட்டும் என்று பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தவரும் அவர்தான்.

அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதனுக்கு இதுகூடத் தெரியாதா என்றால், தெரியாது. அடுப்படிப் பக்கம் போயிருந்தால் அல்லவா தெரியும்.

குருவைத் தேடி ஆற்றங்கரைக்குப் போனார். குரு இவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நுங்கு தின்றுகொண்டிருந்தார்.

“சாமி, நாடு ரெண்டாப் போச்சு.”

“எப்போ?”

“தேர்தலோட. டிவியைப் போட்டா ஒருத்தனை ஒருத்தன் கடிச்சுக் குதறுறான். எங்க தெருவுல பாதி குடை, பாதி படகு. ஒரு வீட்டு விசேஷத்துக்கு இன்னொரு வீட்டான் போறதில்லை.”

“கோடு எங்கே ஓடுதுவே?”

“எந்தக் கோடு?”

“ரெண்டாப் போச்சுன்னீரே. நடுவுல கோடு இருக்கணுமே.”

ஆவுடையப்பர் யோசித்தார். “என் வீட்டுச் சுவருலதான். அந்தப் பக்கம் என் தம்பி. அவன் படகு. நாற்பது நாளாப் பேச்சு இல்லை. நாளைக்கு அவனும் எதிர்த்தாப்புல ஒரு மோர்ப்பந்தல் திறக்கான்.”

“மோருக்கு உறை ஊத்தியாச்சா?”

ஆவுடையப்பர் பால் கதையைச் சொன்னார். வீட்டில் உறை இருந்ததாம். தம்பி வீட்டு உறை. மனைவி பகவதி இவருக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருந்தாளாம். தெரிந்ததும் கொல்லையில் கொட்டிவிட்டாராம். அப்புறம்தான் எலுமிச்சம்பழம்.

“நல்ல வேலை செஞ்சீர்,” என்றார் குரு.

“சாமி, கேலி வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது இனி ஒட்டுமா, ஒட்டாதா?”

“எது? நாடா, தம்பியா?”



பதிலுக்குக் காத்திராமல் குரு தம் குடிசைக்குள் போய் ஒரு கரண்டியை எடுத்துவந்து ஆவுடையப்பர் கையில் கொடுத்தார். “இதுல ஒரு கரண்டி உறைமோர் கொண்டாரும். சுத்தமான குடைக்கட்சி உறை. படகு ஒரு சொட்டுக்கூடக் கலந்திருக்கக் கூடாது. கொண்டாந்தா சொல்லுதேன்.”

“அதுக்கென்ன சாமி. பத்து நிமிஷம்.”

முதலில் பிரமநாயகம் வீட்டுக்குப் போனார். குடைக்கட்சியின் ஊர்ச் செயலாளர். மொட்டை மாடியில் கொடி, வாசல் கதவில் குடை, தண்ணீர்த் தொட்டியிலும் குடை. இதைவிடச் சுத்தமான வீடு எங்கே கிடைக்கும்?

பிரமநாயகத்தின் மனைவி சொர்ணம் தயிர்ச் சட்டியோடு வந்தாள்.

“எவ்வளவு வேணும் அண்ணாச்சி?”

“இரும்மா. இது உங்க வீட்டு உறைதானே?”

“எங்க வீட்டுச் சட்டியிலதான் இருக்கு.”

“அதுக்கு முன்னால?”

“திருச்செந்தூர் போயிட்டு வந்தோம்லா, அப்போ சட்டி காலி. உலகநாயகிகிட்ட வாங்கினேன்.”

“உலகநாயகி படகுல்லா!”

“படகுதான். ஆனா அவ வீட்டு உறை புளிக்காது அண்ணாச்சி.”

“அந்த வாசலை நீ மிதிச்சியா?”

“வாசலையா? பின்சந்து வழியாப் போனேன். எங்க வீட்டு மனுஷர் காதுல போட்டுறாதீங்க.”

ஆவுடையப்பர் கரண்டியை மடியில் மறைத்துக்கொண்டு அடுத்த குடை வீட்டுக்குப் போனார். அந்த வீட்டு உறை பக்கத்துப் படகு வீட்டிலிருந்து வந்தது. அதற்கடுத்த வீட்டம்மாள் ஒருபடி மேல். “உறைக்கு ஏது அண்ணாச்சி வோட்டு?” என்று கேட்டுச் சிரித்தாள். எல்லாருமே பின்சந்து வழியாகத்தான் போயிருந்தார்கள். இத்தனை வருஷம் அதே தெருவில் குடியிருந்தும் பின்சந்தில் இவ்வளவு போக்குவரத்து இருப்பது ஆவுடையப்பருக்குத் தெரியாது.

விடுவாரா? வேரைப் பிடித்தே தீருவது என்று கிளம்பினார். வீறாப்பை விட்டு உலகநாயகியிடமே கேட்டார்.

“எனக்குக் கோமதி குடுத்தா,” என்றாள் அவள்.

கோமதி தம்பியின் மனைவி.

ஆவுடையப்பரும் பின்சந்து வழியாகத்தான் நடந்தார். பிறகு தம்பி வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினார்.

கோமதி திறந்தாள். அவரைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “வாங்க அத்தான். உள்ள வாங்க.”

“இல்லை. ஒரு விஷயம் கேக்கணும். உங்க வீட்டு உறைமோர் எங்கேருந்து வந்தது?”

“அக்காதான் குடுத்தாங்க.”

“எந்த அக்கா?”

“நம்ம பகவதி அக்கா. தை மாசம் எங்க வீட்டுச் சட்டியைப் பூனை உருட்டிருச்சு. அப்போ குடுத்தாங்க. போன வாரம் அவங்களுக்கு இல்லாமப் போச்சுன்னு நான் திருப்பிக் குடுத்தேன்.” கோமதி குரலைத் தாழ்த்தினாள். “அதைத்தான் நீங்க கொல்லையில கொட்டினீங்களாம்.”

உள்ளே யாரோ இருமினார்கள். யார் இருமல் என்று ஆவுடையப்பருக்குத் தெரியும். அறுபது வருஷமாகக் கேட்கிற இருமல். கூடவே தம்பியின் மூக்குப்பொடி வாசனையும் வந்தது.

நின்றால் கூப்பிட்டுவிடுவோமோ என்று பயந்து கிளம்பிவிட்டார்.

காலிக் கரண்டியைப் பார்த்துக் குரு கேட்டார்: “கிடைக்கலையோ?”

“சுத்தமான குடை உறை ஊர்லயே இல்லை சாமி.”

“படகு உறை?”

“அதுவும் இல்லை.”

“கரண்டியை அங்க வச்சிட்டு வீட்டுக்குப் போம்.”

“பதில் சொல்லுதேன்னீங்களே?”

“போம்வே. நுங்கு காயுது.”

சாயந்திரம் பிரமநாயகம் மறுபடி நாற்பது லிட்டர் பால் அனுப்பினார். பகவதி காய்ச்சி, ஆற வைத்து, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“கோமதிகிட்ட வாங்கவா?”

ஆவுடையப்பர் வாங்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீம்பு என்பது அப்படித்தான். தோற்ற பிறகும் ஒரு நாள் இருக்கும்.

காலையில் போய் அண்டாவின் வாயில் கட்டியிருந்த துணியை விலக்கிப் பார்த்தால் தயிர் கெட்டியாக உறைந்திருந்தது. கரண்டியைச் செருகினால் நிற்கும்.

“நீயா ஊத்தினே?”

“நான் ஊத்தலை. என்னைத்தான் நீங்க நம்பமாட்டீங்களே. கொல்லைக் கதவைத் திறந்து வச்சேன், அவ்வளவுதான்,” என்றாள் பகவதி.

அப்போதுதான் அந்தத் துணியைக் கவனித்தார். ஆவுடையப்பர் அதை முழுக்க அவிழ்த்தார். நீலக் கரை போட்ட படகுக்கட்சித் துண்டு. ஒரு முனையில் மூக்குப்பொடி வாசனை.

பத்து மணிக்குப் பந்தல் திறந்தார்கள். வெயிலுக்குக் கூட்டம் அள்ளியது. எதிர்ப் பந்தலிலும் அப்படித்தான். அங்கே எல்லார் தோளிலும் நீலக் கரைத் துண்டு. மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஒருத்தர் தோள் மட்டும் வெறுந்தோள்.

குரு வரிசையில் நின்று வந்தார். ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். இன்னொன்று வாங்கினார். உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

“பதமா இருக்கு. உறை யார் ஊத்தினது?”

பக்கத்தில் பிரமநாயகம் நின்றார். சுற்றிக் குடைக்காரர்கள் முப்பது பேர். பகவதி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆவுடையப்பர் இடுப்பில் செருகியிருந்த நீலக் கரைத் துண்டை உருவி உதறித் தோளில் போட்டார். நாற்பது நாளாக வாயில் வராத பெயரை எதிர்ப் பந்தலுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“தாணு.”