இளம்பூதனின் குடம்

கேட்பவர் முதலில் அறிய வேண்டியவை சில உண்டு.

ஆற்றுமேட்டு மருத்துவச் சாலையில் ஆய்ந்து நூல் எழுதுவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு மண்குடம் இருந்தது. ஒருவர் தம் நூலில் மற்றொருவரைப் பெயர்சொல்லிக் குறிப்பிட்டால், குறிப்பிடப்பட்டவரின் குடத்தில் ஒரு குன்றிமணி விழும். ஆண்டிறுதியில் எவர் குடம் நிறைந்திருக்கிறதோ, அவரே தலைமை மருத்துவர். அவருடைய நூலே படியெடுக்கப்பட்டு ஊர்தோறும் செல்லும்.

நிறைந்த குடத்தின் வாயை ஆசிரியர் பெருந்தேவி அம்மையார் அரக்கிட்டு மூட வேண்டும்; மூடாத குடம் அவையில் செல்லாது. வழக்கம் அவ்வளவே.

இளம்பூதன் தன் குடத்தை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்தான். காதோரம் நரைத்துவிட்ட மாணாக்கன் அவன்.

"அரக்கிட்டுத் தாருங்கள், அம்மையே. நாளை அவை கூடுகிறது."

அம்மையார் வேர் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"கனக்கிறதா?"

"தோள் வலிக்கிறது." மகிழ்ச்சியை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை.

"எந்த நூலுக்கு விழுந்தவை?"

"பெரும்பாலும் காய்ச்சலைப் பற்றிய என் சுரநூலுக்கு."

"ஒரு மணியை எடு."

எடுத்தான்.

"அது என்ன சொல்கிறது?"

"மணி என்ன சொல்லும்? என் பெயரைச் சொல்கிறது."

"பெயருக்குப் பிறகு?"

அவன் மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மணி இட்டவர்களிடம் போய்க் கேட்டு வா. அதற்குள் அரக்கை உருக்கி வைக்கிறேன்."

உடன் பயின்ற சாத்தங்குமரன் மருந்தரைக்கும் கூடத்தில் இருந்தான்.

"குமரா, உன் நூலில் என்னைக் குறித்திருக்கிறாயே, எதற்காக?"

"நீ என்னைக் குறித்தாய். கைம்மாறு செய்ய வேண்டாமா?"

"என் நூலைப் படித்தாயா?"

"என்னுடையதை நீ படித்தாயா?"

இருவரும் சிரித்தனர். இளம்பூதனின் சிரிப்பு முதலில் நின்றது.

நோயாளர் கூடத்தில் வெண்குழலி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சாலையில் அவனுக்கு இளையவள்.

"வாருங்கள், நாளைய தலைவரே! குடம் வழிகிறதாமே. என் மணியும் அதில் கிடக்கிறது."

"என்னைப் பற்றி என்ன எழுதினாய்?"

"படிக்கவில்லையா?"

"நீயே சொல்."

"'சுரக் கஷாயத்தைப் பால்குடிக் குழந்தைக்குப் பெரியவர் அளவில் பாதி கொடுக்கலாம் என்பார் இளம்பூதன், அது தவறு.' அவ்வளவுதான்."

"தவறா?"

"உங்கள் சொல்லை நம்பிக் கொடுத்தேன். குழந்தையின் உடல் சில்லிட்டுப் போயிற்று. மீண்டும் சூடேறும் வரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை. நல்லவேளை, தேறிவிட்டது. என் நூலைக் கண்ட மற்றவர்களும் தங்கள் நூல்களில் உங்கள் பெயரைச் சொல்லி, அந்த அளவைத் தவிர்க்கச் சொன்னார்கள்."

"எத்தனை பேர்?"

"அது உங்களுக்குத்தானே தெரியும்? குடம் உங்களிடம் இருக்கிறது."

அவன் திரும்பியபோது அரக்கு உருகியிருந்தது.

"கொண்டு வா குடத்தை" என்றார் அம்மையார்.

அவன் குடத்தை வாசலிலேயே இறக்கி வைத்தான். நின்றான்.

"பாதி அளவு மிகுதியென்றால், பால்குடிக் குழந்தைக்கு எவ்வளவு கொடுக்கலாம், அம்மையே?"

பெருந்தேவி அம்மையார் கத்தியைக் கீழே வைத்தார். அரக்கின் அடியில் எரிந்த நெருப்பை அணைத்தார்.

"எனக்கும் தெரியாது" என்றார். "உட்கார்."

பின்னர் முடிவானவை இவை.

சுரநூல் எந்த ஊருக்கும் செல்லவில்லை. தலைமை இருக்கை சாத்தங்குமரனுக்குக் கிடைத்தது. அவனுடைய நூல் பல்வலியைப் பற்றியது, தீங்கற்றது.

குழந்தைக்குரிய அளவைக் கண்டறிய இளம்பூதனுக்கு நெடுங்காலம் ஆயிற்று. அவனது புதிய நூலின் முதல் வரி: "முன்பு நான் எழுதியது தவறு, காட்டியவர் வெண்குழலி." அதற்காக அவளுடைய குடத்தில் ஒரு மணி விழுந்தது.

அந்நூலில் மறுப்பதற்கு எதுவும் இல்லை. ஆகவே அதை எவரும் குறிப்பிடவில்லை. அந்த அளவு மட்டும் ஊர்தோறும் தாய்மாருக்கு மனப்பாடமாக இருந்தது, சொன்னவர் யாரென்று கேட்டால், "இது யாவருக்கும் தெரிந்ததுதானே?" என்றார்கள்.

இளம்பூதனின் குடத்தில் நோயாளருக்குத் தண்ணீர் வைக்கப்பட்டது.