சோதனைப் பத்தியில் மூன்று நாள்

பேய் நள்ளிரவில், பாழடைந்த வீட்டில், புளியமரத்தடியில்தான் நடமாடும் என்று நன்றாகப் படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தப் பிழையை இனியும் பொறுத்துக்கொள்வதற்கில்லை. அது நடமாடத் தடையில்லாத மின்சாரம் வேண்டும், குளிரூட்டிய அறை வேண்டும், அலுவலக நேரமாகவும் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி என்றால் மிகவும் உகந்தது.

கோயம்புத்தூரில், மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு நிறுவனத்தில், ஏழு பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் மருதநாயகம். வயது ஐம்பத்துநான்கு. நூற்பாலையில் இருபது வருடம் ஷிப்ட் மேற்பார்வை பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். இங்கே அவருக்குத் தெரிந்ததெல்லாம் பெலிசிட்டா சொல்லிக்கொடுத்தது. பெலிசிட்டா அவரைவிடப் பதினாறு வயது இளையவர். குழுக்களுக்கு வேலை செய்யும் முறையைப் பழக்குவது அவர் தொழில். புதன்கிழமைதோறும் வருவார்.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை, மருதநாயகம் அவரிடம் இரண்டு தாள்களை நீட்டினார்.

முதல் தாளில் ஒரு கோடு. குழுவின் வேகம். வேலையைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அட்டைக்கும் இத்தனை புள்ளி என்று போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முடிந்தவற்றின் புள்ளிகளைக் கூட்டினால் வரும் எண். ஆறு மாதமாக நாற்பத்திரண்டு.

இரண்டாவது தாளில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். குழந்தைகள் வார்டில் நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்தின் அளவைக் கணக்கிடும் மென்பொருளை இந்தக் குழுவிடம் நம்பி ஒப்படைக்கலாம் என்று. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள்.

"போட வேண்டியதுதானே சார்" என்றார் பெலிசிட்டா.

"போன மாசம் ஒரு ஆஸ்பத்திரியில நாம குடுத்த மருந்துப் பட்டியல் ரெண்டு தடவை அச்சாயிருச்சு மேடம். ஒரு நர்சம்மா கவனிச்சாங்க, இல்லைன்னா ரெண்டு தடவை ஊசி போட்டிருப்பாங்க. அதுக்கு முந்தின மாசம் வேற ஒண்ணு. எண் நல்லா இருக்கு, ஆனா தப்பு வெளியே போயிட்டே இருக்கு. இன்னும் எந்த எண்ணைப் பார்க்கணும்னு சொல்லுங்க. அதையும் திரையில போட்டுடறேன்."

பெலிசிட்டா கோட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"மழைல பாதிப் பேர் வராத வாரம் எவ்வளவு?"

"நாற்பத்திரண்டு."

"தீபாவளிக்கு?"

"அதேதான்."

"ஆஸ்பத்திரிக்குத்தானே சார் எழுதுறீங்க? மெஷின்ல கோடு இப்படி நேராப் போனா அங்கே என்ன செய்வாங்க?"

மருதநாயகம் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

"எண் போதும். ஒரே ஒரு அட்டையை எடுங்க. அது யார்கிட்ட இருக்கோ அவர் பக்கத்துல போய் உட்காருங்க. அது நகர்ந்தா நகருங்க. நின்னா நில்லுங்க."

"எவ்வளவு நேரம் மேடம்?"

"அது முடியிற வரைக்கும்."

அவர் முந்நூற்றுப் பதினெட்டாம் அட்டையை எடுத்தார். மருந்தளவில் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களைச் சரிசெய்யும் வேலை. அது கார்மேகத்தின் பொறுப்பில் இருந்தது. மருதநாயகம் ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் போட்டார்.

"ஏனுங்க சார், நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?"

"இல்லப்பா. அட்டையோட வந்திருக்கேன்."

"அப்பச் சரிங்க. அது ரெண்டு மணிக்குப் போயிருமுங்க."

சொன்னபடி போயிற்று. குழுவின் அட்டைகளெல்லாம் பத்தி பத்தியாக நிற்கும் திரையில், 'சோதனை' என்ற பத்திக்கு நகர்ந்து நின்றது. கீழே பொறுப்பாளர் பெயர்: சேதுராமன்.

மருதநாயகம் ஸ்டூலைக் கையில் பிடித்தபடி நின்றார். சேதுராமன் குழுவின் எட்டாவது ஆள். மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. ஜூலையில் மாரடைப்பில் இறந்துபோனார். குழு முழுவதும் சுடுகாடுவரை போய் வந்தது.

"மேடம், அட்டை சேதுகிட்ட இருக்கு."

பெலிசிட்டா பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். "அப்ப அங்கே போய் உட்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னலோரம் அந்த மேஜை. கணினியை எடுத்துப் போய்விட்டார்கள். வயர்கள் மட்டும் சுவரிலிருந்து நீண்டுகொண்டிருந்தன. நாற்காலி உயரமான ஆளுக்கு ஏற்றபடி ஏற்றிவைத்தது, யாரும் இறக்கவில்லை. மேஜைமேல் ஒரு காகிதக் கோப்பையில் தேநீர். மருதநாயகம் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது.

"இது யாருது?"

"கேன்டீன்ல எட்டு டீ அனுப்பறாங்க சார்" என்றான் கார்மேகம் திரும்பாமலே. "எட்டாவதை எங்கீங்க வைக்கறது?"

வியாழக்கிழமையும் அவர் அங்கேயே உட்கார்ந்தார். முந்நூற்றுப் பதினெட்டு அசையவில்லை. அதன் பின்னால் வேறு அட்டைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. மாலைக்குள் பதினொன்று. நூற்பாலையில் ஒரு மெஷினுக்கு முன்னால் இவ்வளவு சரக்குத் தேங்கினால் யாராவது கத்தியிருப்பார்கள். இங்கே விசைப்பலகைகளின் சத்தம் மட்டும் கேட்டது. தங்கள் வேலையை முடித்தவர்கள் சோதனைப் பத்தியில் தள்ளிவிட்டு, அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டார்கள். காலியான நாற்காலியைக் கடக்கும்போது எல்லாரும் சற்று ஒதுங்கி நடப்பதை அவர் அன்றுதான் கவனித்தார். ஒரு ஆள் அமர்ந்திருந்தால் எவ்வளவு இடம் விடுவார்களோ, அவ்வளவு.

கார்மேகத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதையெல்லாம் யாருப்பா சோதிக்கறது?"

"வெள்ளிக்கிழமை முடிஞ்சிருமுங்க."

"யாரு முடிக்கறாங்க?"

கார்மேகம் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சேது அண்ணன் பேர்லதானுங்க முடியுது. மொதல்ல பயந்தோம். அப்பறம், நீங்க யாரையோ ஆள் வெச்சிருப்பீங்கன்னு நெனச்சோம். அப்பறம் பழகிருச்சுங்க."

"ஏன் என்கிட்ட கேக்கலை?"

"எண்ணு நல்லா வந்துட்டிருந்துச்சுங்களே சார்."

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மருதநாயகம் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். ஏழு பேரும் கையில் தேநீரோடு நின்றார்கள். விசைப்பலகையில் ஒருவர் கையும் இல்லை. சுவரில் இருந்த பெரிய திரையில் முதல் அட்டை நகர்ந்தது. சோதனையிலிருந்து 'முடிந்தது' பத்திக்கு. அதனடியில் ஒரு குறிப்பு தோன்றியது: 'பார்த்துட்டேன். சரியா இருக்கு. சேது.' அடுத்தது நகர்ந்தது. அதே குறிப்பு. மூன்றாவதாக முந்நூற்றுப் பதினெட்டு. ஒவ்வோர் அட்டைக்கும் நடுவில், ஒருவர் படித்துப் பார்க்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. பதினொன்றும் போன பிறகு மேலே எண் மாறியது. நாற்பத்திரண்டு.

மருதநாயகம் வெளியே வந்து பெலிசிட்டாவுக்குப் போன் செய்தார்.

"மேடம், அட்டை முடிஞ்சிருச்சு. யாரும் தொடலை. நான் பக்கத்துலயே இருந்தேன்."

"அட்டையோட வரலாறுன்னு ஒரு பக்கம் இருக்கும். திறந்து வாசிங்க."

போனிலேயே திறந்தார். ஒரே ஒரு வரி. அவர் அதை உரக்க வாசிக்க ஆரம்பித்தார்.

"வெள்ளிதோறும் நான்கு மணிக்குத் தானியங்கி விதி. எண் நாற்பத்திரண்டுக்குக் குறையாமல், பத்தியின் பொறுப்பாளர் பெயரில், அவருடைய கடைசிக் குறிப்புடன். விதியை இட்டவர்..."

நிறுத்திவிட்டார்.

"நான்தான்" என்றார் மருதநாயகம். "ஜூலை பதினெட்டு. சாவு வீட்டு வாசல்ல நின்னு போன்லயே போட்டேன். எல்லாரும் அங்கேதான் இருந்தோம். அந்த ஒரு வாரம் கோடு பள்ளமா விழுந்துரக் கூடாதேன்னு. மறந்தே போயிட்டேன் மேடம்."

"விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"ஏன் விழுந்துச்சுன்னு மேலிடத்துல கேட்டிருப்பாங்க."

"என்ன சொல்லியிருப்பீங்க?"

"ஆள் செத்துட்டாருன்னு."

"சொல்லலையா?"

"மறுநாளே எழுதினேன். வேற ஆள் கேட்டு மூணு தடவை எழுதினேன். மூணு தடவையும் ஒரே பதில். வேகம் குறையலையே, ஆள் எதுக்குன்னு."

"அப்ப அவர் இன்னும் சாகலை சார்" என்றார் பெலிசிட்டா.

மருதநாயகம் உள்ளே போய் விதியை நீக்கினார். இரண்டாவது தாளைக் கையெழுத்தில்லாமல் ஆறு மணிக்கு அனுப்பினார்.

பதினைந்து நாள் கழித்து அந்தக் குழுவின் எண் பூஜ்யம் என்று வந்தது. அரை மணி நேரத்தில் மேலிடத்திலிருந்து போன். குழுவில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார்கள்.