பாய்க்குப் போட்ட உறை

பட்டாசு ஆலைப் போர்மேன்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும் இன்பராணி டீச்சருக்கு வயது நாற்பதைத் தொடவில்லை. எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கும். அவர்கள் "டீச்சர்" என்பார்கள், இவர் "அண்ணாச்சி" என்பார். வண்டி அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அண்ணாச்சிகளில் மூத்தவர் சீனிராஜ். பெரிய மீசைக்காரர், ஆனால் வகுப்பில் முதல் பெஞ்சு. டீச்சர் ஒன்று சொல்லிவிட்டால் போதும், அவருக்கு அது வேதவாக்கு. பருத்தித் துணி தவிர வேறெதையும் உடுத்திக்கொண்டு ஆலைக்குள் வரக் கூடாது என்று ஒரு நாள் படித்தார். மறுநாளே, நைலான் சேலையில் வந்த முதலாளியின் தங்கையை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். வேலை போகாமல் தப்பியது அவர் செய்த புண்ணியம்.

பிறகொரு வகுப்பில் டீச்சர் பாயைப் பற்றிச் சொன்னார். வெடிமருந்து அடைக்கும் மருந்து அறையில் உட்கார்ந்து நகரும்போதும் எழும்போதும் உடம்பில் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் மின்சாரம் ஏறிக்கொள்ளும். விரல் நுனியிலிருந்து அது ஒரு பொறியாகத் தெறித்தால், எதிரே தட்டில் இருக்கும் மருந்துக்கு அதுவே போதும். உடம்பில் ஏறியதைத் தங்கவிடாமல் தரைக்கு இறக்கிவிடத்தான், மின்சாரம் கடத்தும்படி செய்த அந்தக் கறுப்பு ரப்பர் பாய்.

சீனிராஜ் நேராக முதலாளியிடம் போய் நின்றார். முதலாளி நாளைக்கு, நாளன்னைக்கு என்று இழுத்தடித்தார். இவர் விடாக்கண்டன். கடைசியில் பாய் வந்தது. சும்மா கடையில் கிடக்கும் பாய் இல்லை. அறையை இவரே அளந்து கொடுத்து, நாலு வாசல் நிலைக்கும் இடம் விட்டு வெட்டி, மூலை முடுக்கெல்லாம் கச்சிதமாக உட்காரும்படி செய்து வாங்கிய பாய்.

ஆனால் அதன்மேல் உட்கார ஆள் வரவில்லை. பக்கத்து ஆலையில் தீப்பிடித்ததிலிருந்து மருந்து அறை என்றாலே பெண்கள் பின்வாங்கினார்கள்.

"என் வீட்டுக்காரியவே உட்கார வைக்கேன். அப்புறம் என்ன?" என்றார் சீனிராஜ்.

சொன்னபடியே, லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த மனைவி முத்துக்கிளியை மருந்து அறைக்கு மாற்றினார். அவளைப் பார்த்து இன்னும் மூன்று பேர் தைரியமாக வந்தார்கள்.

அதன் பிறகுதான் ஒரு நாள் காலையில் டீச்சர் பாயைப் பார்க்க வந்தார். சீனிராஜுக்குப் பெருமை பிடிபடவில்லை. அறைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, மீசையைத் தடவியபடி கேட்டார்.

"டீச்சர், இனிமே இந்த அறையில என்ன குறை இருக்கு? ஒன்னே ஒன்னு சொல்லுங்க பாப்போம்."

டீச்சர் சிரித்துக்கொண்டே வாசல் வழியாக உள்ளே பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே நாலு வாசலுக்கு அருகிலும் நாலு பெண்கள் உட்கார்ந்து மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது ஆனால் முட்டி மோதாமல் ஓடுவதற்கு ஆளுக்கொரு வாசல் என்பது ஆலை வழக்கம். அவர்களுக்குக் கீழே பாய் பளபளவென்று மின்னியது.

"அண்ணாச்சி, நீங்க பேசாதீங்க," என்றார் டீச்சர் மெல்ல. பிறகு உள்ளே பார்த்து, சாதாரணமாகச் சொன்னார். "முத்துக்கிளி அக்கா, சாப்பிட வாங்க. எல்லாரும் தட்டுலேருந்து கையை எடுங்க. எதையும் தொட வேண்டாம்."

"இன்னும் மணி ஆகலையே டீச்சர். இந்தத் தட்டை முடிச்சிட்டு வாரேன்."

"அது அப்படியே இருக்கட்டும். பின்னால வாசப்படி சிமெண்டு இருக்குல்ல, அதுல உள்ளங்கையை அழுத்தி வைங்க. வச்ச கையை எடுக்காம, உட்கார்ந்தபடியே மெதுவா நகர்ந்து வெளியே வாங்க."

"இது என்ன கூத்து! எந்திரிச்சு வந்தா ஆகாதாக்கும்?"

முத்துக்கிளி சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு முட்டியை ஊன்றி எழப் போனாள்.

"அக்கா."

அதே குரல்தான். ஆனால் டீச்சரின் கை சீனிராஜின் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. வகுப்பில் தீயைப் பற்றி அசராமல் பாடம் நடத்துகிற டீச்சர் ஒரு நாளும் அவரை இப்படிப் பிடித்ததில்லை. என்னவென்று தெரியாமலே அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சொன்னதைச் செய், கிளி," என்றார்.

முத்துக்கிளி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். முட்டியை இறக்கினாள். வாசப்படியில் கையை ஊன்றி, பிள்ளைகள் தவழ்வது போலப் பின்னால் நகர்ந்து வெளியே வந்தாள். மற்ற மூன்று பேரும் அதேபோல் வந்தார்கள். அவர்களைத் தூரத்துக் கொட்டகைக்கு அனுப்பிய பிறகுதான் டீச்சர் சட்டையை விட்டார்.

"என்ன டீச்சர் ஆச்சு?"

டீச்சர் அடுத்த அறைக்கு நடந்தார். அங்கே இன்னும் மருந்து கொண்டுவரவில்லை. அதே அளவு அறை, சேர்த்து வாங்கிய அதே பாய், அதே பளபளப்பு.

"உட்காருங்க அண்ணாச்சி. மருந்து அள்ளுற மாதிரி அப்படி இப்படி நகருங்க."

நகர்ந்தார்.

"இப்ப சட்டுனு எந்திரிச்சு, மின்சாரம் இறங்குறதுக்கு வாசல்ல பதிச்சிருக்கிற செம்புத் தகட்டைத் தொடுங்க."

விரல் தகட்டில் படுவதற்கு முன்பே டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. விரல் நுனியில் சுள்ளென்றது. நீலமாக, கடுகளவு ஒரு பொறி. சீனிராஜ் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாய் வேலை செய்யலையா? பாய்க்காரன் ஏமாத்திட்டானா டீச்சர்?"

டீச்சர் குனிந்து பாயின் ஓரத்தை நகத்தால் கீறினார். கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை மேலே எழும்பி வந்தது.

வழியில் கீறல் விழாமல் இருக்கப் பாயோடு ஒட்டி அனுப்பிய உறை. நம்மூரில் யார் அதை உரிக்கிறார்கள்? டி.வி. ரிமோட்டுக்கு உறை, புது பைக் சீட்டுக்கு உறை, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய மெத்தைக்கும் உறை. அது மஞ்சள் பூத்துத் தானாகக் கிழியும்வரை நமக்குப் பொருள் புதுசு. சீனிராஜ் ஒரு படி மேலே போய், ஓரம் பிரியாமல் டேப் ஒட்டி, காய்ந்த துணியால் தினமும் பளபளவென்று துடைத்தும் வைத்திருந்தார்.

"இதை ஏன் உரிக்கலை?"

"மருந்து பட்டா பாய் கெட்டுப்போயிரும்ல டீச்சர்."

"சரி. பாய் எதுக்குப் போட்டீங்க?"

சீனிராஜ் உறையைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார்.

டீச்சர் உறையை முழுதாக உரித்து வெளியே எறிந்தார். "மறுபடி உட்காருங்க."

உட்கார்ந்தார், நகர்ந்தார், எழுந்து தகட்டைத் தொட்டார். சத்தம் இல்லை, பொறி இல்லை, ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவரை அடித்துப் போட்டது. வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முத்துக்கிளி முட்டியை ஊன்றிச் சிரித்தது கண் முன்னால் வந்து வந்து நின்றது.

முத்துக்கிளியே அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். "என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு?"

"நான்தான் கிளி," என்றார். "நான்தான் உன்னை அதுல உட்கார வச்சேன். அந்த மூனு பேரையும் நான்தான்..."

மீசைக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். உறையையும் அவர் விரலையும் காட்டி, சிமெண்டில் கையை ஊன்றச் சொன்னது உடம்பில் ஏறியதைப் பொறியில்லாமல் தரைக்கு இறக்கத்தான் என்பதுவரை டீச்சர்தான் நடந்ததைச் சொன்னார். முத்துக்கிளியின் கை தாலிக்குப் போனது. அவளும் அவர் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து சீனிராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏதோ ஒரு நல்ல வார்த்தை கிடைக்காதா என்கிற தவிப்பு அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"இத்தனை நாளும் இவங்க இதுமேலதானே உட்கார்ந்தாங்க, எந்திரிச்சாங்க? அப்ப ஏன் டீச்சர் ஒன்னும் ஆகலை?"

"காத்துல ஈரம் இருந்தா, உடம்புல ஏறுனது தானா இறங்கிரும் அண்ணாச்சி. நேத்து வரைக்கும் தூறல் விடவே இல்லை." டீச்சர் கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தார். "வெயிலு இன்னைக்குத்தான் அடிக்குது."