கடைவாயில் இருந்த வெள்ளி

அமலோற்பவம் என்றொரு அங்கன்வாடி டீச்சர் இருந்தாள். அவளுடைய கடைவாய்ப் பல் ஒன்றில் பல வருடங்களாக ஒரு வெள்ளி அடைப்பு குடியிருந்தது. பெயர்தான் வெள்ளி, நிறமோ கறுத்துப் போயிருந்தது.

ஒரு நாள் அவளுடைய முன்பல் சொத்தையாகி ஓரம் உடைந்தது. அதிலிருந்து அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். அவளைப் பார்த்துப் பிள்ளைகளும் வாயைப் பொத்தின. பல் தெரியச் சிரிப்பது தப்பு என்று அவை நினைத்துவிட்டன. அதைக் கவனித்த அன்றே பல் டாக்டர் ஹமீதாவிடம் போனாள்.

"டாக்டரம்மா, முன்பல்லைப் பல் கலர்லயே அடைச்சிடுங்க. அப்படியே பின்னால இருக்கிற கறுப்பையும் எடுத்துட்டு வெள்ளையா வச்சிடுங்க."

வெள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கேட்டியா? இனி நான் போறதுதான் மரியாதை" என்றது கடைவாய்ப் பல்லிடம்.

"சும்மா இரு. என்னைப் பிடுங்கிடலாம்னு எல்லாரும் சொன்னப்போ, வந்து என் குழியை நிறைச்சவன் நீ. உன்னைக் குடைஞ்சு எடுத்தா என் சுவரும்தான் சேர்ந்து போகும்" என்றது பல்.

டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். "முன்பல்லுக்குப் பல் கலர்தான் சரி. பின்னாடி இருக்கிறது இன்னும் கெட்டியா இருக்குங்க. அதை எடுத்தா நல்ல பல்லும் கொஞ்சம் போகும். நீங்களே சொல்லுங்க."

அமலோற்பவம் நாக்கால் அந்தப் பல்லைத் தடவினாள். அதை அடைப்பதற்கு முன், வலி தாங்காமல் சுவரில் முட்டிக்கொண்டு அழுதது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அது ஒரு தடவைகூட வலித்ததில்லை.

"இருக்கட்டும் டாக்டரம்மா. பாவம், அது என்ன தப்பு பண்ணுச்சு?"

முன்பல்லில் வெள்ளை அடைப்பு வந்து உட்கார்ந்தது. டாக்டர் காட்டிய நீல வெளிச்சம் பட்டு இறுகியது. எது பல், எது அடைப்பு என்றே தெரியவில்லை. மறுநாள் டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். பிள்ளைகளும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தன.

வெள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீங்களா அண்ணே? என்னாலதான் இந்தச் சிரிப்பு! இருட்டுல கிடக்கிற உங்களை யார் பார்க்கப் போறா?"

"பார்க்க வேண்டாம் தம்பி. அவ சிரிக்கிறாளே, அது போதும்" என்றது வெள்ளி.

சாயங்காலம் அவள் கணவர் சேசுராஜ் கடலைமிட்டாய் வாங்கி வந்தார். அவள் ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். அதன் கெட்டியைப் பார்த்து வெள்ளை நடுங்கிவிட்டது.

"அண்ணே, இது என்னால ஆகாது!"

"இங்க அனுப்பு" என்றது வெள்ளி.

அவள் துண்டைக் கடைவாயில் போட்டாள். நறுக்கென்று சத்தம் கேட்டது. வெல்லம் கரைந்து வாயெல்லாம் இனித்தது. மென்றுகொண்டே சிரித்தாள்.

"என்ன, உனக்குள்ளேயே சிரிச்சுக்கிறே?" என்றார் சேசுராஜ்.

"வலி இல்லாம திங்கிறேன், வெட்கமில்லாம சிரிக்கிறேன். நல்லா இருக்கட்டும்!"

"யாரைச் சொல்றே?"

அவள் வாய் நிறையக் கடலைமிட்டாய்.

"உங்களைத்தான் சொல்றாங்க அண்ணே" என்றது வெள்ளை, மெதுவாக.

"இல்ல தம்பி, உன்னைத்தான்" என்றது வெள்ளி.