துண்டு போடும் கம்பி

கோபிச்செட்டிபாளையத்தில் நாச்சிமுத்து என்பவர் வீட்டில் முன்பொரு சமயம் குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். வேலை நடந்த நாட்களில், வாங்கி வந்த சாமான்களெல்லாம் கூடத்தில் அட்டைப் பெட்டிகளுக்குள் காத்துக் கிடந்தன. வேலை கொடுக்காமல் ஓரிடத்தில் உட்கார வைத்தால் யாராக இருந்தாலும் பெருமை பேசத்தான் செய்வார்கள். அவையும் பேசின.

ஷவர் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்தது. கடையில் அத்தனை ஷவர்கள் தொங்கியும் நாச்சிமுத்து தன்னை மட்டும்தான் அண்ணாந்து பார்த்தார் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தது. வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து விடும் மிக்ஸர் குழாய்க்கு அது பொறுக்கவில்லை. தான் இல்லாவிட்டால் அந்த ஷவருக்குக் கீழே நிற்பவர் ஒன்று வெந்துபோவார், இல்லையென்றால் விறைத்துப்போவார் என்றது. குளியல் தொட்டி எதுவும் பேசவில்லை. பேரன் வந்தால் விளையாடுவான் என்று காரணம் சொல்லி வாங்கி வந்த தொட்டி அது. பாதிக் கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. வீட்டார் அதைச் சுற்றிக்கொண்டுதான் டிவி பார்க்கப் போக வேண்டியிருந்தது. அந்த மரியாதையே அதற்குப் போதும்.

வாசல் கதவோரம் ஒரு நாற்காலியில் இன்னொரு பெட்டி தனியாக இருந்தது. அதற்குள், குளியலறைச் சுவரில் பொருத்தி, எழும்போது பிடித்துக்கொள்வதற்கான ஒரு கைப்பிடி. விரல் வழுக்காமல் பிடிக்கும்படி சொரசொரப்பாகச் செய்த கனத்த எஃகுக் கம்பி அது. பெங்களூரில் இருக்கும் மகள் இந்துமதி வாங்கி அனுப்பியிருந்தாள். பெட்டியின் மேல், தலை நரைத்த ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிப்பதுபோல் ஒரு படம். அந்தப் படம்தான் வினையாகப் போனது.

நாச்சிமுத்து அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் அவர் தெருவில் நடந்து வந்தால் எதிரே வருகிறவர்கள் தங்களை அறியாமல் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வார்கள். படத்தைப் பார்த்ததும் மகளுக்குப் போன் போட்டார்.

"என்னம்மணி, அப்பனைக் கெழவனாக்கிப் போடலாம்னு முடிவே பண்ணிட்டியா? எனக்குக் கை காலெல்லாம் நல்லாத்தான் இருக்குது. இதைத் திருப்பி அனுப்பிப் போடறேன்."

மகள் கெஞ்சிப் பார்த்தாள், கோபித்தும் பார்த்தாள். அவர் மசியவில்லை. மனைவி மரகதம் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிளம்பர் இஸ்மாயில் வேலையெல்லாம் முடித்துக் கிளம்பும்போது அந்தப் பெட்டியைக் கூரியரில் போட்டுவிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

கூடத்தின் மூலையில் ஒரு சாக்கும் இருந்தது. இடித்த குளியலறையிலிருந்து கழற்றிய பழைய சாமான்கள் அதில் கிடந்தன. சாக்கின் வாய் வழியாகப் பழைய துண்டுக் கம்பி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அது நடுவில் கீழ்நோக்கி வளைந்திருந்தது.

ஷவருக்கு அதைக் கண்டதும் சிரிப்பு வந்தது. "ஒரு துண்டைச் சுமப்பதற்கா இப்படி வளைந்துபோனாய்?" என்று கேட்டது.

"துண்டுக்கு யார் வளைவார்கள்?" என்றது துண்டுக் கம்பி. "நாச்சிமுத்து குளித்துவிட்டு முக்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது மொத்தக் கனத்தையும் என் மேல்தான் போடுவார். சில நாள் ஒரே மூச்சில் எழுந்துவிடுவார். சில நாள் இரண்டு தடவை உட்கார்ந்து எழ வேண்டியிருக்கும். அப்புறம் கதவைத் திறக்கும்போது பார்த்தால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார்."

கதவோரத்திலிருந்த கைப்பிடி கொதித்துப்போனது. அது தன்னுடைய வேலை என்றது. தான் நூற்றைம்பது கிலோ தாங்குவதாகப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள் என்றது. இரண்டு சின்ன ஸ்குரூவில் தொங்கிய ஒன்று ஓர் ஆளைத் தாங்கியது என்றால் யார் நம்புவார்கள் என்றும் கேட்டது.

"நானாகத் தாங்கவில்லை" என்றது துண்டுக் கம்பி. "ஸ்குரூ அடிக்கடி வெளியே வந்துவிடும். அவர் குளித்துவிட்டுப் போனதும் மரகதம் உள்ளே வருவாள். சமையல் கத்தியின் நுனியை வைத்து ஸ்குரூவை முடுக்குவாள். கத்தியை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் போய்விடுவாள்."

"அவரிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றது கைப்பிடி.

"சொன்னால் அவர் என்னைப் பிடிப்பதை விட்டுவிடுவார். எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கப் பார்ப்பார்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும்விடத் தொட்டிதான் அதிகம் கலங்கிப்போனது. தன் விளிம்பு முழங்காலுக்கு மேல் இருக்கிறது என்பது அதற்கு அப்போதுதான் உறைத்தது. ஈரக் காலைத் தூக்கி அந்த விளிம்பைத் தாண்டித்தான் அவர் வெளியே வந்தாக வேண்டும்.

"சோப்பு நுரை பட்டுவிட்டால் என்னை நானே நம்பமாட்டேன்" என்று தொட்டி வாய்விட்டே சொன்னது. "அவர் அப்போது எதைப் பிடித்துக்கொள்வார்?"

எல்லாம் சேர்ந்து புதிய துண்டுக் கம்பியைப் பார்த்தன. அது ஷவரோடு ஒரே செட்டில் வந்தது. ஒல்லியாக, பளபளவென்று இருந்தது. "என்னைப் பார்க்காதீர்கள். நான் ஒரு துண்டுக்குத்தான் ஒப்புக்கொண்டு வந்தேன்" என்று அது முந்திக்கொண்டது. கதவோரத்துக் கைப்பிடி மட்டும் தான் தயார் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. அது சொல்லி என்ன செய்ய? அதைக் கூரியருக்கென்று ஒதுக்கியாயிற்று.

குளியலறையில் தொட்டி சுவரோரம் உட்கார்ந்தது. ஷவர் உயரே ஏறியது. மிக்ஸர் குழாய் நடுவில் நின்றுகொண்டது. கடைசியில் புதிய துண்டுக் கம்பி மட்டும்தான் பாக்கி. இஸ்மாயில் சுவரில் துளை போட டிரில்லை எடுத்தான். மரகதம் சமையலறையில் இருக்கும் நேரம் பார்த்து நாச்சிமுத்து உள்ளே வந்தார். பள்ளி மைதானமே கேட்கப் பேசிப் பழகிய மனிதர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏந்தம்பி, இந்தக் கம்பி ஈர்க்குச்சியாட்டம் இருக்குது. எங்கூட்டுல அவ ஈரச் சீலையெல்லாம் கொண்டாந்து போடுவா. தாங்குமா?"

"தாங்காதுங்க சார்."

நாச்சிமுத்து யோசிப்பதுபோல் கூரையைப் பார்த்தார். "அந்தப் பொட்டில இருக்கறது சும்மாதான கெடக்குது. துண்டு போடறதுக்கு அதையே அடிச்சு உட்டுரு."

சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனார். கைப்பிடியை வெளியே எடுத்து வைத்தார். நரைத்த தலைக்காரர் சிரித்துக்கொண்டிருந்த அட்டையை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். அந்த வீட்டில் சேலைகள் மொட்டை மாடியில்தான் காயும். குளியலறையில் ஒரு நாளும் காய்ந்ததில்லை. இஸ்மாயிலுக்கு அது தெரிய நியாயமில்லை.

அவர் அந்தப் பக்கம் போனதும் மரகதம் வந்தாள். இஸ்மாயில் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் குறி வைத்துக்கொண்டிருந்தான்.

"அங்க வேண்டாந்தம்பி. தொட்டிக்கு மேல, கைக்கு எட்டற மாதிரி வையி. அவரு துண்டைப் புடிச்சு இழுக்கற ஆளு. ஸ்குரூ நல்லாப் பெருசாவே போடு."

இஸ்மாயில் பழைய குறியை அழித்துவிட்டுத் தொட்டிக்கு மேல் புதிதாகக் குறி வைத்தான். கைப்பிடியோடு வந்த ஸ்குரூக்களை எங்கே போட்டார்கள் என்று கூடத்தில் தேடினான். கைப்பிடி அந்தக் கொஞ்ச நேரம் சாக்கின் பக்கத்தில் தரையில் கிடந்தது.

அதற்கு மனத்தாங்கல் தீரவில்லை. "இனி ஆயுசு முழுக்க என்னைத் துண்டுக் கம்பி என்றுதான் கூப்பிடுவார்கள்" என்று பழைய கம்பியிடம் குறைப்பட்டது. "அந்த மனிதருக்கு என்ன வீம்பு பார்த்தாயா? தனக்கு வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. பழியை மனைவி மேல் போடுகிறார்."

"வீம்புதான். ஆனால் பழி இல்லை" என்றது பழைய கம்பி. "அவளும் என்னைப் பிடித்துத்தான் எழுந்திருப்பாள். அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவள் குளித்துவிட்டுப் போனதும் இவர் வருவார். ஒரு ரூபாய்க் காசை ஸ்குரூவின் பள்ளத்தில் வைத்துத் திருகிவிட்டுப் போவார். கத்தி வருவது இவருக்குத் தெரியாது. காசு வருவது அவளுக்குத் தெரியாது."

கைப்பிடிக்குத் தன் நூற்றைம்பது கிலோவை நினைக்கவே வெட்கமாக இருந்தது. இஸ்மாயில் ஸ்குரூவோடு திரும்பி வருவதற்குள் அது அவசரமாகக் கேட்டது. "அப்படியானால் நான் யாருக்காக அங்கே இருக்கப்போகிறேன்?"

"அவர்களையே கேட்டுப் பார்" என்றது பழைய கம்பி. "யாரைக் கேட்டாலும் மற்றவருக்காக என்றுதான் சொல்வார்கள்."