ஜெனரல் பெயரில் ஒரு குடை

ஒரு போர் நடந்துகொண்டிருந்த காலம். விமானத் தளத்தின் ஓரத்தில் நீளமான தகரக் கூடம் ஒன்று இருந்தது. பாராசூட்டுகளை மடித்துக் கட்டும் இடம். அங்கே எல்லோரும் பாராசூட்டைக் குடை என்றுதான் சொல்வார்கள். கூடத்துக்குப் பொறுப்பு ஹவில்தார் சிலுவைமுத்து. வானத்திலிருந்து குதிக்கும் ஆட்களுக்குத் தலைவர் கேப்டன் கோதண்டம்.

பதவியில் கேப்டன் மேலே. ஆனால் அவர் சிலுவைமுத்துவை ‘ஆசான்’ என்றுதான் கூப்பிடுவார். அதற்குக் காரணம் இருந்தது.

முதல் நாள் கேப்டன் வந்தபோது, தட்டுகளில் அடுக்கியிருந்த குடைகளைப் பார்த்து, இவை விரியும் என்று என் ஆட்கள் எதை வைத்து நம்புவது என்று கேட்டார். கொஞ்சம் அதட்டலாகவே கேட்டார்.

“ஒண்ணத் தொடுங்க சார்,” என்றார் சிலுவைமுத்து.

கேப்டன் கீழ்த்தட்டு மூலையில் கிடந்த ஒன்றைத் தொட்டார். ஹவில்தார் அதை முதுகில் மாட்டிக்கொண்டு, பயிற்சிக்குக் கிளம்பிய விமானத்தில் ஏறிப் போனார். அரைமணி நேரத்தில் சட்டையெல்லாம் புழுதியாக நடந்து வந்தார். மடித்தவன் குதித்துக் காட்ட வேண்டும், யார் எதைத் தொட்டாலும் மறுக்கக் கூடாது, அதுதான் இந்தக் கூடத்து வழக்கம் என்றார்.

பிறகு கேப்டனிடம் ஒரு குடையைக் கொடுத்து மடிக்கச் சொன்னார். கேப்டன் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் பெருமை.

“நல்லா இருக்கு. நாளைக்குக் காலையில இதை மாட்டிக்கிட்டு நீங்க குதிக்கிறீங்க.”

கேப்டன் திரும்பக் குனிந்தார். கட்டைப் பிரித்தார். கயிறுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து மறுபடி மடித்தார். மறுபடி பிரித்தார். மற்றவர்கள் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து ஆசான்.

அடுத்த மாதம் பாலத்தைப் பிடிக்கும் வேலை வந்தது. அந்த ஆற்றைக் கடக்க அது ஒன்றுதான் வழி. நம் படை நெருங்கினால் தகர்த்துவிட, எதிரிகள் தூண்களில் வெடி கட்டி வைத்திருந்தார்கள். திட்டம் போட்டவர் ஜெனரல். நாற்பது பேர் இரண்டு கரையிலும் குதித்து, வெடிக் கம்பிகளை அறுத்துப் பாலத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்தில் டாங்கிகள் வந்து சேரும்.

விடியற்காலையில் குதித்தார்கள். சிலுவைமுத்துவும் குதித்தார். நாற்பது குடையும் விரிந்தன. காவலுக்கு நின்றவர்கள் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். கால்மணி நேரத்தில் பாலம் கைக்கு வந்துவிட்டது.

டாங்கிகள்தான் வரவில்லை. வரைபடத்தில் சாலை என்று கோடு போட்டிருந்த இடத்தில் மழைக்குப் பிறகு தொடையளவு சேறு. முன்னால் போய் யாரும் பார்த்திருக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம்தான் முதல் டாங்கி வந்தது. அதுவரை பாலத்தை விடவில்லை. மறைவுக்கு வேறொன்றும் கிடைக்காமல், குடைகளுக்குள் மணலை வாரிக் கட்டி அதன் பின்னால் படுத்துச் சுட்டார்கள். திரும்பி வந்தவர்கள் பதினான்கு பேர்.

ஓட்டை விழுந்த குடைகளைத் தைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சிலுவைமுத்து தைக்கவில்லை. ஓட்டையோடு மடித்துத் தனித் தட்டில் வைத்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து ஜெனரல் கூடத்துக்கே வந்தார். பதினான்கு பேரையும் பாராட்டினார். எல்லோருக்கும் தேநீர் வந்தது. சிலுவைமுத்து தன் கோப்பையைத் தொடவில்லை.

குடை மடிக்கும் மேசையின் மேல் ஜெனரல் வரைபடத்தை விரித்தார். கிழக்கே இன்னொரு பாலம். புது ஆட்கள் வருவார்கள், இந்தப் பதினான்கு பேர் முன்னால் குதிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் டாங்கிகள் வந்துவிடும் என்றார். கேப்டன் கையெழுத்துப் போட்டால் போதும். பேனாவை நீட்டினார்.

கேப்டன் வாங்கிக்கொண்டார். கை ஓடவில்லை. மறுத்தால் கோழை என்பார்கள், விசாரணை வரும். போட்டால் இந்தப் பதினான்கு பேரும் போவார்கள். திரும்பிப் பார்த்தார்.

“என்ன செய்யட்டும் ஆசான்?”

ஜெனரலின் முன்னாலேயே அப்படிக் கூப்பிட்டார்.

சிலுவைமுத்து தட்டுப் பக்கம் போனார். தட்டிலிருந்து நல்ல குடை ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு குடையோடும் ஒரு அட்டை இருக்கும். அதில் மடித்தவர் பெயரும் குதிப்பவர் பெயரும் எழுதுவார்கள். பென்சிலால் அதில் மெதுவாக எழுதி, குடையை வரைபடத்தின் மேலேயே வைத்தார்.

ஜெனரல் அட்டையைப் படித்தார். குதிப்பவர் என்ற இடத்தில் அவர் பெயர்.

“என்ன இது?”

“இங்க ஒரு வழக்கம் சார். செஞ்சு குடுத்தவங்க அதை நம்பிக் குதிக்கணும். குடை நான் மடிச்சது, நான் வரேன். திட்டம் நீங்க போட்டது.”

ஜெனரலின் உதவி அதிகாரி முன்னால் வந்து, யாரிடம் பேசுகிறாய் என்று தெரிகிறதா, நாளைக்கு உன் பதவி இருக்காது என்றார். போகட்டும், அட்டையில் எழுதியதை அழிக்க மாட்டேன் என்றார் சிலுவைமுத்து.

“எனக்கு அறுபது வயசாகப் போகுது ஹவில்தார்,” என்றார் ஜெனரல்.

“ஏணி போட்டு ஏத்திவிடுறோம் சார்.”

யாரும் சிரிக்கவில்லை. ஜெனரல் அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தள்ளவில்லை. கொஞ்சம் நகர்த்தி, அடியில் மறைந்திருந்த சாலையின் மேல் விரலை ஓட்டினார். ஒரு வளைவில் விரல் நின்றது.

“இந்த ரோட்டுல யாராவது போய்ப் பாத்தாங்களா?”

உதவி அதிகாரி இல்லையென்று தலையசைத்தார்.

ஜெனரல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார். கேப்டன் பேனாவை மூடி மேசையில் வைத்தார். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார் ஜெனரல்.

வெளியே நல்ல வெயில். ஜெனரல்தான் திட்டத்தை மறுபடி பார்க்கிறாரே, இனியாவது கோபத்தை விட்டுவிடலாமே என்றார் கேப்டன். சிலுவைமுத்து நடந்துகொண்டே இருந்தார். கேப்டன் சட்டென்று நின்றார்.

“குடையை மேசையிலேயே விட்டுட்டு வந்துட்டீங்க ஆசான்.”

“அதுல அவர் பேரு இருக்கு சார். வேற யாருக்கும் குடுக்க முடியாது.”