குரைக்கத் தெரிந்த மிளகும் பார்க்கத் தெரியாத ஓடக்காரனும்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சிரிப்பு வந்தால் சிரிக்கலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பாதியில் எழுந்து போனால்தான் எனக்குக் கோபம் வரும்.

ஆற்றுக்குப் பாலம் கட்டலாம் என்று யாருக்கும் தோன்றாத காலம் அது. ஒரு சிற்றரசரின் நாட்டில் கடம்பன் என்று ஓர் ஓடக்காரன் இருந்தான். வாய் ஓயாத மனிதன். கரையிலும் பேசுவான், நடு ஆற்றிலும் பேசுவான், ஆள் கிடைக்காவிட்டால் மீனோடு பேசுவான். பேசும்போது கையும் சும்மா இருக்காது. வாய் ஒன்று சொன்னால் கை இரண்டு ஆட்டு ஆட்டும்.

அவன் மனைவி செவ்வந்திக்குக் காது நன்றாகக் கேட்கும். பிறவியிலேயே பேச்சு மட்டும் வராது. சொல்ல வேண்டியதையெல்லாம் கையாலேயே சொல்வாள். ஊரில் எல்லோருக்கும் அது புரியும், கடம்பன் ஒருவனைத் தவிர. அவனுக்குத்தான் பேசவே நேரம் போதாதே, பார்ப்பது எப்போது?

மார்கழி வந்தால் அந்த ஆற்றில் பனி இறங்கிவிடும். கரை எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியாது. சத்தம் கேட்டு ஓடம் திரும்பட்டும் என்று துறையில் மணி கட்டினார்கள். குரங்கு தூக்கிக்கொண்டு போனது. இரண்டாவது மணி கட்டினார்கள், அதையும் தூக்கியது. மூன்றாவதைக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் அதுவும் மரத்தின் மேலே இருந்தது.

ஒரு மார்கழியில் ஓடம் வழிதவறி மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உள்ளே இருந்தவர் யார்? அரசரின் மாமியார் பெரியநாச்சியார்! அந்த அம்மாள் உச்சிப்பொழுது வரை மணலில் உட்கார்ந்திருந்தார். அரண்மனைக்குப் போய் அவர் போட்ட போட்டில் அரசர் நடுங்கிவிட்டார். "அடுத்த மார்கழியிலும் ஓடம் ஒரு தடவை தவறினால், துறை வேறு ஆளுக்கு!" என்று ஆணை வந்தது.

ஓடக்கோலைப் பறித்துக்கொண்டால் கடம்பனுக்கு வேறு தொழில் என்ன தெரியும்?

மூன்று நாள் யோசித்து ஒரு நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தான். கரிய நிறம், உருண்டை உடம்பு. மிளகு என்று பெயர் வைத்தான். "நடு ஆற்றிலிருந்து நான் 'குரை' என்று கத்துவேன். கரையிலிருந்து இவன் குரைப்பான். நேராக வந்து சேர்ந்துவிடலாம். எப்படி என் மூளை?" என்றான்.

மூளையெல்லாம் சரிதான். குட்டி குரைக்க வேண்டுமே!

முதலில் அதட்டிப் பார்த்தான். "குரைடா! குரைடாங்கறேன்!" தன்னைத் திட்டுகிறான் என்று நினைத்து மிளகு கவிழ்த்துவைத்த ஓடத்துக்கு அடியில் புகுந்துகொண்டது. அப்புறம் மண்டி போட்டுத் தானே குரைத்துக் காட்டினான். துறையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மிளகு ஓடிவந்து அவன் மூக்கை நக்கியது.

மூன்றாவதாக ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்தான். கையை உயரத் தூக்கி, "குரை!" என்றான். குட்டி பார்த்தது, குதித்தது, எட்டவில்லை. பொறுக்க முடியாமல் "லொள்!" என்றது. உடனே கருவாட்டைக் கொடுத்தான். பத்தே நாளில் கருவாடே வேண்டியிருக்கவில்லை. கடம்பன் கையைத் தூக்கிக் "குரை!" என்றால் போதும், மிளகு துறையே அதிரக் குரைத்தது.

"என் நாய்க்குத் தமிழ் தெரியும்!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தான்.

செவ்வந்தி அவன் தோளைத் தட்டினாள். சத்தமில்லாமல் தன் கையை உயர்த்தினாள். மிளகு குரைத்தது. பிறகு தன் காதைத் தொட்டு, இல்லை என்று விரலை ஆட்டினாள். கண்ணைத் தொட்டு, ஆமாம் என்று தலையசைத்தாள்.

"பார்த்தியா! உனக்குக்கூடக் குரைக்கிறான். என் பயிற்சி அப்படி!" என்று சொல்லிவிட்டுக் கடம்பன் போய்விட்டான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மார்கழி வந்தது. முதல் பனியன்று அக்கரையில் ஓடத்துக்குக் காத்திருந்தவர் யார் என்கிறீர்கள்? அதே பெரியநாச்சியார்தான், மடியில் பலகாரக் கூடையோடு.

"கவலையே வேண்டாம் தாயே, கரையில் என் நாய் இருக்கிறது," என்று ஏற்றிக்கொண்டான். நடு ஆற்றுக்கு வந்ததும் நாலு பக்கமும் வெள்ளை. கீழ்ப்பக்கம் பாறைச்சுழலின் இரைச்சல். கடம்பன் கையைத் தூக்கிக் கத்தினான்: "மிளகு! குரை!"

சத்தமே இல்லை.

"குரைடா!" இல்லை. "குரைடா, ராசா!" இல்லை. ஓடம் சுழலின் பக்கமாக இழுபட்டது. கடம்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"யாருக்கப்பா கையைத் தூக்கறே?" என்று சீறினார் பெரியநாச்சியார். "என் மூக்கே எனக்குத் தெரியலை. உன் கை அந்த நாய்க்கா தெரியப் போகுது?"

கடம்பன் தூக்கிய கையை அப்படியே பார்த்தான். செவ்வந்தி காதைத் தொட்டாள், கண்ணைத் தொட்டாளே! அடடா, நாய் கற்றது சொல்லை இல்லை, கையை! அவள் அன்றைக்கே சொன்னாளே!

"செவ்வந்தி! நீ சொன்னதுதான் சரி! கையை..."

அவன் முடிக்கவில்லை. "லொள்! லொள்! லொள்!" என்று பனிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அவன் குரல் கேட்டதுமே செவ்வந்தி துறைக்கு ஓடிவந்து, வாலாட்டிக்கொண்டு பனியையே பார்த்து நின்ற மிளகின் முன்னால் கையை உயர்த்தியிருந்தாள். கடம்பன் உயிரைப் பிடித்துக்கொண்டு கோலை ஊன்றினான். ஓடம் துறையில் முட்டி நின்றது.

பெரியநாச்சியார் இறங்கினார். கூடையிலிருந்து ஓர் அதிரசத்தை மிளகுக்குப் போட்டார், மீதிக் கூடையைச் செவ்வந்தியிடம் கொடுத்தார். "கோல் இந்த வீட்டிலேயே இருக்கட்டும். மருமகனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நாய்க்கு வாத்தியார் இவள்தான்," என்றார்.

செவ்வந்தி ஓடத்தின் விளிம்பைக் கோலால் தட்டினாள், உடனே கையை உயர்த்தினாள். இப்படியே சில நாள். அப்புறம் கை வேண்டியிருக்கவில்லை, தட்டினாலே மிளகு குரைத்தது. நடு ஆற்றில் கடம்பன் தட்டினால் போதும், எந்தப் பனியிலும் ஓடம் தவறவில்லை.

கடம்பன்? அவன் ஓடம் கரைசேர்ந்த அன்று சாயங்காலமே அவள் எதிரில் உட்கார்ந்து, வாயை மூடி, கண்ணைத் திறந்து, "சொல்லு," என்றான். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்த பேச்சு அவள் கையில் இருந்தது. சொல்லி முடிக்க நாலு நாள் ஆயிற்று. நாலு நாளும் அவன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை என்று மிளகே சாட்சி சொல்லும்.

ஆகவே கேட்டவர்களே, கற்பிக்க வந்தவர் வாயைத் திறக்கும் முன் எதிரில் இருப்பவரைக் கண் திறந்து பார்க்க வேண்டும்.